திருகோணமலை உவர்மலை வரலாறு வகுப்பு, சேரலாமா?

வெளிவாரி பீஏ செய்யிற கன பேர் கேக்கிறதால எழுதுறன். சனி பின்னேரம் ஒரு சேர் எடுக்கிற வகுப்பு, ஐரோப்பிய யூனிவர்சிட்டிகள்ல வரலாறு எப்பிடித் தனிப்பாடமா வந்ததெண்டதுதான் விசயம்.

முதல் பகுதி மளமளவெண்டு ஓடிடும். முந்தி இறையியல், சட்டம், மருத்துவம்தான் பெரிய படிப்பு, வரலாறு எண்டா பேச்சுக்கலை படிக்கிறவன் உதாரணம் எடுக்கிற சாமான். 1724இல ஒக்ஸ்போர்ட்லயும் கேம்பிரிட்ஜ்லயும் வரலாற்றுக்கெண்டு அரசர் பேராசிரியர் பதவி (அரசர் ஏற்படுத்தின பதவி) போட்டும், அங்க அது தனிப் பட்டப்படிப்பா வந்தது 1870கள்லதானாம், பாருங்கோவன்.

ஜெர்மனிக்கு வந்தாப் பிறகுதான் குடுத்த காசு செமிச்சது. ராங்கே எண்ட ஜெர்மன் வரலாற்றாசிரியர் 1825இல பெர்லினுக்குப் படிப்பிக்க வந்து, பிறகு மாணவர்களை வீட்டுக்கே கூப்பிட்டு மூல ஆவணங்களை வச்சு, இது ஆர் எழுதினது, எப்ப, அவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு கிண்ட வச்சவர், அதான் செமினார். வெனிஸ் தூதர்மார் அனுப்பின அறிக்கையளைத் தேடித்தேடி வாசிச்ச மனுசன். இதை விளங்கப்படுத்த சேர் எங்கட பிரடெரிக் கோட்டை வாசல் கல்வெட்டின்ர படத்தைத் தந்தார், அந்த மீன் சின்னம் செதுக்கின கல்லு. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்ததாச் சொல்லுற அரசன் குளக்கோட்டன், "முன்னே குளக்கோட்டன்" எண்டு நாங்க அந்தப் பாட்டை முழுக்கச் சொல்லுவம், கல்லில இருக்கிறது சிதைஞ்ச எழுத்து, அப்ப மிச்சத்தை ஆர் நிரப்பினது எண்டு கேட்டாரே ஒரு கேள்வி! ஒரு அக்காவுக்குக் கோவம் வந்திட்டுது, கோயில் விசயம் எல்லோ. சேர் பொய்யெண்டு சொல்லேல்ல, கல்லில உள்ளதையும் வாய்வழியா வந்ததையும் வேற வேறயா எழுதுங்கோ எண்டார். அந்த ஒரு பின்னேரத்துக்கே போகலாம்.

குறையும் இருக்கு. பிரான்ஸ் பக்கம் 1876இல மோனோ எண்ட பிரெஞ்சு வரலாற்றாசிரியர் தொடங்கின வரலாற்றுச் சஞ்சிகையோட முடிஞ்சுது. ராங்கேயின்ர செமினார் மேசையில பொம்பிளையள் ஆரும் இருக்கேல்ல, பெர்லின் இருந்த பிரஷ்யா அரசில அவையளை முறையா யூனிவர்சிட்டிக்கு எடுத்ததே 1908இல, அதை ஒரு வசனத்தில கடந்திட்டார், எனக்குப் பிடிக்கேல்ல. போட்டோக்கொப்பி நோட்ஸ் பாதி மங்கல், பேன் சத்தத்தில பின்னுக்கு இருந்தா ஒண்டும் கேக்காது, முன் வாங்கைப் பிடியுங்கோ.

ஏஎல் பிள்ளையளுக்குச் சரிவராது, மொடல் பேப்பர் ஒண்டும் செய்விக்கிறேல்ல. மற்றாக்களுக்கு 5க்கு 4 குடுப்பன்.