வெள்ளை பெல்ட்டை எந்தப் பாணியில் கட்டுவது? கோலாலம்பூரில் கராத்தே தொடங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் என்று எந்தப் பக்கம் போனாலும் மாலையில் எங்காவது ஒரு மண்டபத்தில் கராத்தே நடக்கிறது. தமிழ்ப்பள்ளி மண்டபமாக இருக்கும், பாலாய் ராயா என்னும் பொது மண்டபமாக இருக்கும், கடைவீட்டு மாடியாகக்கூட இருக்கும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரும் சரி, நாற்பதை நெருங்கும் வயதில் "இப்போதாவது தொடங்கலாமா" என்று யோசிப்பவர்களும் சரி, முதலில் கேட்பது இதைத்தான்: ஷோட்டோகானா, கோஜு-ரியுவா, ஷிட்டோ-ரியுவா, கியோகுஷினா?

"எல்லாம் ஒன்றுதான், சேர்ந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. கறுப்பு பெல்ட் வாங்கிய பிறகு வேண்டுமானால் பாணிகள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரலாம். முதல் வருடத்தில் அப்படி இல்லை. எவ்வளவு தாழ்ந்து நிற்கிறோம், எப்படி மூச்சு விடுகிறோம், எவ்வளவு அடி வாங்குகிறோம் என்பதையெல்லாம் பாணிதான் தீர்மானிக்கிறது. அதனால் என் அளவுகோல் எளிமையானது: உங்கள் முழங்கால், உங்கள் வயது, எதற்காகக் கற்க வருகிறீர்கள் என்ற காரணம். புகழும் சுவரில் மாட்டிய சான்றிதழ்களும் அதற்குப் பிறகுதான்.

ஷோட்டோகானிலிருந்து தொடங்குகிறேன். கிச்சின் ஃபுனகோஷி 1922-இல் ஒக்கினாவாவிலிருந்து தோக்கியோவுக்குக் கொண்டுபோன கராத்தேயிலிருந்து வளர்ந்த பாணி இது. நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் கிளையும் உண்டு. 1966-இல் சியூ சூ சூட் பெட்டாலிங் ஜெயாவில் தொடங்கிய கராத்தே புடோக்கான் ஷோட்டோகானை ஒட்டியது. பலகையில் புடோக்கான் என்று எழுதியிருந்தாலும், புதியவர் உள்ளே போய்க் கற்கும் அடிப்படையில் பெரும்பகுதி இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

இங்கே முதல் பாடம் ஸென்குட்சு-டாச்சி, அதாவது முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நீளமாக நிற்கும் நிலை. அந்த நிலையிலேயே முன்னேறிக் குத்துவது ஓய்-சுகி. கீழே தடுப்பது கெடான் பராய், மேலே தடுப்பது அகே-உகே. கத்தா என்பது தனியாக வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்பு. முதல் கத்தாவான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள். மூன்று அகே-உகே, மூன்று ஓய்-சுகி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் மூன்றாவது அசைவில் ஒரு கியாய், அதாவது உரத்த முழக்கம். கடைசி நான்கு அசைவுகளில்தான் எடை பின்காலுக்குப் போகிறது, கை வாள்போல விரிகிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதாலும், பாதை நேர்கோடாகப் போய்த் திரும்பி வருவதாலும் ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு இது சீக்கிரம் மனதில் பதிகிறது. "இச்சி, நி, சான்" என்று எண்ணும் குரலுக்கு ஒரு மண்டபமே ஒன்றாக நகரும்போது, கூச்சப்படுகிற பிள்ளைகூடக் கொஞ்ச நாளில் வாய்விட்டுக் கத்தத் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

பெரியவர்களுக்கு இதே பாணியில் ஓர் எச்சரிக்கை உண்டு. அவ்வளவு தாழ்ந்து நிற்பதற்குத் தொடையிலும் இடுப்பிலும் வலு வேண்டும். அலுவலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வலு முதல் சில மாதங்களில் இருக்காது. வலு இல்லாதபோது முன் முழங்கால் உள்பக்கமாகச் சாய்கிறது. கால்விரல் ஒரு திசையைப் பார்க்க, முழங்கால் வேறொரு திசையைப் பார்க்கிறது. அந்தக் கோணலோடு நூறு குத்து குத்தினால் வலி வராமல் என்ன செய்யும்? முழங்கால் எப்போதும் கால்விரல்களின் திசையிலேயே வளைய வேண்டும். அதற்காக நிலையைச் சுருக்க வேண்டியிருந்தால் சுருக்கிக்கொள்ளலாம். சரியாக நின்று பழகினால் ஆழம் பிறகு தானாக வரும். "இன்னும் கீழே, இன்னும் கீழே" என்று மட்டுமே கத்துகிற வகுப்பாக இருந்தால், முப்பத்தைந்து தாண்டியவர் அங்கே சேர வேண்டாம்.

அவர்களுக்கு நான் காட்டும் இடம் கோஜு-ரியு. ஒக்கினாவாவின் மியாகி சோஜுன் உருவாக்கிய பாணி. இதன் அடிப்படை நிலை சான்சின்-டாச்சி, மிகவும் குட்டையானது. தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து, முன்காலின் குதிகால் பின்காலின் விரல் நுனிக்கு நேராக வரும்படி நின்று, முன்பாதத்தைச் சற்று உள்ளே திருப்ப வேண்டும். பார்ப்பதற்குச் சும்மா நிற்பதுபோல இருக்கும். உள்ளங்கால் தரையைப் பிடித்து, தொடை இறுகி, இடுப்பு உள்ளே மடங்கி, அதோடு மூச்சை ஒலி கேட்க இழுத்து விடும்போதுதான் அதன் கஷ்டம் தெரியும். மாஸ்டர் பின்னால் வந்து தோளையும் தொடையையும் தட்டிப் பார்ப்பார். இறுக்கம் தளர்ந்த இடம் அவர் கைக்கு உடனே தெரிந்துவிடும்.

புதியவர்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்றே 1940 வாக்கில் மியாகி வகுத்த கத்தா கெகிசாய். தடுப்பு, குத்து, முன்னுதை, முழங்கை என்று பக்கத்தில் நின்று சண்டையிடுவதற்கான அசைவுகள் அதில் ஆரம்பத்திலேயே வந்துவிடுகின்றன. ஷோட்டோகானில் புதியவர் தூரத்திலிருந்து பாய்ந்து வரப் பழகுகிறார். இங்கே கை எட்டும் தூரத்தில் நிற்கப் பழகுகிறார். தற்காப்புக்காகக் கற்க வரும் பெண்களுக்கு இரண்டாவது வகைதான் சீக்கிரம் கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ரயிலிலோ மின்தூக்கியிலோ யாராவது கையைப் பிடித்தால், அங்கே நீளமாக நிற்க இடம் இருக்காது.

ஆனால் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சான்சினில் கவனமாக இருக்க வேண்டும். உடம்பை முழுக்க இறுக்கி மூச்சை அடக்கினால் அழுத்தம் ஏறும். மூச்சை எங்கேயும் நிறுத்தாமல், பாதி இறுக்கத்தில் செய்தால் போதும். மருந்து சாப்பிடுபவர் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் அழுத்தமும் இனிப்புநீரும் எவ்வளவு சாதாரணம் என்று நமக்கே தெரியும். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

ஷிட்டோ-ரியுவைச் சுருக்கமாகவே சொல்லலாம். இதை உருவாக்கிய மபுனி கென்வா, ஒக்கினாவாவின் ஷூரி ஊர் வழியின் இதொசுவிடமும் நாஹா ஊர் வழியின் ஹிகஓன்னாவிடமும் பயின்றவர். அதனால் இரண்டு பக்கத்துக் கத்தாக்களும் இதில் இருக்கின்றன, ஐம்பதுக்கும் மேல். நிலைகள் ஷோட்டோகானைவிட உயரமானவை. முதல் வருடத்தில் முழங்காலுக்கு இதமான பாணி. பிள்ளைக்குக் கத்தா போட்டியில் ஆசை இருந்தால் இதை நிச்சயம் பாருங்கள். 2021-இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கத்தாவில் தங்கம் வென்ற ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸ் இந்தப் பாணிக்காரர்தான். புதியவருக்கு இதில் உள்ள ஆபத்து, கத்தாக்களைச் சேகரிக்கும் ஆசை. முதல் கத்தா உடம்பில் படியும் முன்பே நான்காவதைக் கேட்கத் தோன்றும்.

கியோகுஷின் வேறு உலகம். ஓயாமா மசுதாட்சு 1964-இல் நிறுவன வடிவம் கொடுத்த முழுத்தொடர்புக் கராத்தே. கையுறை இல்லாமல் நெஞ்சிலும் வயிற்றிலும் உண்மையாகவே குத்துவார்கள், தொடையில் உதைப்பார்கள். முகத்தில் கையால் குத்தக்கூடாது, ஆனால் தலைக்கு உதைக்கலாம். அடி விழுந்தால் உடம்பு என்ன செய்யும் என்பதை இதைவிட நேர்மையாகக் கற்றுக்கொடுக்கும் பாணி இந்த நான்கில் இல்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் எதுவும் தெரியாமல் வருபவருக்கு இதை முதல் இடமாகச் சொல்ல மாட்டேன். மணிக்கட்டு நேராக நிற்காத முஷ்டியோடு ஓர் ஆளின் நெஞ்சில் முழு வேகத்தில் குத்தினால் முதலில் சுளுக்குவது குத்தியவரின் கைதான். கட்டைவிரலை வெளியே மடித்து, ஆள்காட்டி விரல், நடுவிரல் மொளிகள் இரண்டும் முதலில் படும்படி, முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கக் குத்துவது பழக்கமாகட்டும். பதினெட்டு தாண்டிய, ஏற்கெனவே ஓடியாடி உடம்பைப் பழக்கிய இளைஞர் நேராகவே போகலாம். முகத்தைக் காக்கும் கை மெல்லக் கீழே இறங்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறானது உலகக் கராத்தே சம்மேளன விதிகளில் நடக்கும் புள்ளிச் சண்டை. அடிக்குத் தரம் பிரித்து, யூகோவுக்கு ஒரு புள்ளி, வாஸா-அரிக்கு இரண்டு, இப்போனுக்கு மூன்று. வேகமும் தூரக் கணக்கும் இதில் கூர்மையாகும். தேசிய அணிக்கு ஆடிய ஷாமளராணி, சர்மேந்திரன், பிரேம்குமார் எல்லாரும் இந்தக் களத்தில் வளர்ந்தவர்கள். பயிற்றுநர் அறிவழகனின் பெயரும் இதோடு சேர்ந்தே வரும். நம் பிள்ளைகள் இவர்களைப் பார்த்துத்தான் வருகிறார்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தே இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸ் பட்டியலிலும் இல்லை. ஒலிம்பிக் கனவைக் காட்டிப் பணம் கேட்கும் இடத்தில் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பாணியை முடிவு செய்த பிறகும் மண்டபத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் தரையெல்லாம் வியர்வை. ஓடு போட்ட தரையில் நீளமான நிலை வழுக்கும், குதித்து இறங்கினால் குதிகால் நோகும். பாய் விரித்திருக்கிறார்களா, நடுவில் தண்ணீர் குடிக்க விடுகிறார்களா என்று பாருங்கள். மாலை மழையும் நெரிசலும் சேர்ந்தால் பத்து நிமிட வழி ஒரு மணி நேரமாகிவிடும். ஆகவே, தூரத்தில் இருக்கும் பெரிய பெயரைவிட, வாரம் இருமுறை தவறாமல் போகக்கூடிய பக்கத்து மண்டபம் நல்லது. கோஜு-ரியு தூரத்திலும், பொறுமையான ஷோட்டோகான் மாஸ்டர் பக்கத்திலும் இருந்தால், நாற்பது வயதுக்காரரையும் நான் பக்கத்து மண்டபத்துக்கே அனுப்புவேன்.

அப்புறம் காசு. மாதக் கட்டணத்தை மட்டும் கேட்காமல் பெல்ட் தேர்வுக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எத்தனை தேர்வு, காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். 1997-ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பற்றிக் கேட்டால் நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார்.

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். மாஸ்டர் முன்வரிசையில் நிற்கும் பழுப்பு பெல்ட்டுகளையே கவனிக்கிறாரா, கடைசி வரிசையில் தடுமாறும் வெள்ளை பெல்ட்டிடம் போய் முழங்காலைத் திருத்துகிறாரா? சீருடையை அன்றைக்கே வாங்கச் சொன்னால், முதல் மாதம் டி-சட்டையோடு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள். வாங்கும்போதும் மெல்லிய துணியாக வாங்குங்கள். கனத்த கேன்வாஸ் இந்த வெயிலுக்கு ஆகாது.