கதிர்வீச்சுக்கு முன்பா, பின்பா: தாடையில் பல் இம்ப்ளான்ட்

வாய்ப் புற்றுநோய்க் கட்டியை அகற்றும்போதே இம்ப்ளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் துளையிட்டுப் பதிக்கும் டைட்டானியத் திருகு) வைப்பதா, கதிர்வீச்சு முடிந்தபிறகா?

எலும்பு ஆறுதல்
முன்பு: ரத்த ஓட்டம் கெடாத எலும்பு. கதிர்வீச்சு தொடங்குமுன் எலும்பு இம்ப்ளான்டைப் பற்றிப் பிடிக்கச் சில வாரங்கள் கிடைக்கும்.
பின்பு: நுண் ரத்தக் குழாய்கள் அடைபட்டு, எலும்பு உருவாக்கும் செல்கள் குறைந்திருக்கும். பொதுவாக 6 முதல் 12 மாதம் காத்திருந்தே துளையிடுவார்கள். பல் பொருத்த மேலும் பல மாதங்கள்.

ஆபத்து
முன்பு: டைட்டானியத்தில் கதிர் சிதறி, ஒட்டியுள்ள எலும்பில் அளவு சற்றுக் கூடும். நோய் திரும்பினால் இம்ப்ளான்ட் வீண்.
பின்பு: 50 கிரேக்கு (கிரே: உடலில் பட்ட கதிர்வீச்சின் அலகு) மேல் பட்ட கீழ்த்தாடையில் துளையே எலும்பு நசிவை, அதாவது எலும்பு செத்துப்போவதை, தூண்டலாம். மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான்.

கீழ்த்தாடை முழுசாக இருப்பவருக்கு முன்பே வைப்பது மேல். தாடையை வெட்டிச் சீரமைத்தவர்கள் காத்திருக்கலாம். துளையிடும் இடத்தில் பட்ட கிரே அளவைக் கதிர்வீச்சு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.