பொம்மையா, சொப்பா, எவர்சில்வர் டம்ளரா?

மகள் உட்காரப் பழகியபோது வீட்டில் மூன்று வகை விளையாட்டுச் சாமான்கள் சேர்ந்திருந்தன. பார்க்க வந்தவர்கள் கொடுத்த, தட்டினால் பாடும் பேட்டரி பொம்மைகள் ஒரு பக்கம். சித்தி அம்பாசமுத்திரத்திலிருந்து கொண்டுவந்த மரச் சொப்பு ஒரு பக்கம். மூன்றாவதை யாரும் வாங்கித் தரவில்லை. இரண்டு எவர்சில்வர் டம்ளர், மூன்று கிண்ணம், ஓர் ஆழாக்கு என்று சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூடத்துக்கு வந்து சேர்ந்தவை அவை. இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். நான் எவர்சில்வர் கட்சி; அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

விலையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஆழாக்கு ஏற்கெனவே வீட்டில் இருந்தது. எது நீண்ட நாள் உழைக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

பேட்டரி பொம்மையை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் போனபோது விழுப்புரம் தாண்டியதும் எங்களைக் காப்பாற்றியது அதுதான். தட்டினால் சத்தம் வரும் என்பதைக் குழந்தை அதில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் எங்கே தட்டினாலும், எப்படித் தட்டினாலும் அதே பாட்டுத்தான். இரண்டாவது வாரம் அவள் பொம்மையை விட்டுவிட்டு அது வந்த அட்டைப் பெட்டியோடு விளையாடினாள். வாங்குவதானால் பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். காசு போல வட்டமாக இருக்கும் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

மூன்றில் எது என்று என்னை முடிவுசெய்ய வைத்தது கழுவுதல். கேட்க அற்பமாக இருக்கும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும்வரை குழந்தை ஒரு பொருளைப் பார்ப்பதே வாயால்தான். கையில் எடுத்தது அடுத்த நொடி வாயில் இருக்கும். அதைத் தடுக்கவும் கூடாது; வழவழப்பு, சில்லிப்பு, கனம் எல்லாம் அவள் அப்படித்தான் தெரிந்துகொள்கிறாள். ஆகவே எச்சில் காய்ந்து, தரையில் உருண்டு, கேழ்வரகுக் கூழ் ஒட்டிய சாமானை ஒரு நாளில் எத்தனை முறை கழுவ முடியும் என்பதுதான் உண்மையான கேள்வி.

பேட்டரி பொம்மையைத் தண்ணீரில் முக்க முடியாது. ஈரத்துணியால் துடைக்கலாம், மூட்டு இடுக்குகளில் புகுந்த கூழ் அங்கேயே இருக்கும். அதன் உறவுக்காரரான குளியல் தொட்டி ரப்பர் வாத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் வாளியில் வைத்து அழுத்தினேன். அடியில் இருந்த துளை வழியாக, ஊறிய தேயிலை போலக் கருப்புத் துணுக்குகள் வெளியே வந்தன. உள்ளே தங்கிய தண்ணீரில் பிடித்த பூஞ்சை. அதே வாத்தின் தலையை முந்தின நாள்வரை அவள் சப்பிக்கொண்டிருந்தாள்.

மரச் சொப்பின் கதை வேறு. கடைசல் பொறியில் மரம் சுழலும்போதே அரக்குச் சாயத்தை அழுத்திப் பூசுகிறார்கள்; அந்த உரசல் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கிறது. சூட்டில் இளகிப் பிடித்தது சூட்டில் மறுபடி இளகத்தானே செய்யும்? எனக்கு அது தோன்றவில்லை. கொதிநீர் ஊற்றினேன். குட்டி இட்லிப் பானையின் சிவப்பு மங்கி வெள்ளை பூத்தது, விரலில் பிசுபிசுத்தது. சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று: 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு. ஆகவே சொப்பில் முத்திரை இல்லாதது குற்றமில்லை. பூசியது அரக்கா, கடையில் விற்கும் பெயின்ட்டா என்று மட்டும் கேட்டு வாங்க வேண்டும்.

எவர்சில்வரோ இட்லிப் பானையில் ஒரு கொதி விட்டால் வேலை முடிந்தது. அதற்கும் ஒரு குறை உண்டு. வாய் விளிம்பை உள்ளே மடித்த கிண்ணங்களில் அந்த மடிப்புக்குள் அழுக்கும் தண்ணீரும் தங்கும். விளிம்பு மடிக்காமல் மழுக்கிய பாத்திரமாகப் பொறுக்கி, விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

விளையாட்டு என்று நாங்கள் தனியாக எதுவும் சொல்லித்தரவில்லை. ஏழாம் மாதம் டம்ளரைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தாள். பிறகு இரண்டை மோதினாள். டம்ளரும் ஆழாக்கும் மோதினால் ஒரு சத்தம், கிண்ணமும் கிண்ணமும் மோதினால் வேறு. அவள் பார்க்க ஒரு சிறு மரக்கரண்டியைக் கிண்ணத்தால் மூடினால், முதலில் கரண்டியே உலகத்தில் இல்லாததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பதாம் மாதத் தொடக்கத்தில் ஒரு மாலை, கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், உள்ளங்கையால் தள்ளினாள், கரண்டி வெளிப்பட்டதும் என்னைப் பார்த்தாள். அன்று அவளே மூட வைத்து இருபது முறையாவது தேடியிருப்பாள். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கிறது என்ற அறிவு அந்த வயதில்தான் வருகிறது. பதினொன்றில் சிறியதைப் பெரியதற்குள் போடத் தொடங்கினாள். எடுப்பதைவிடப் போடுவது கடினம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பிடித்ததைச் சரியான இடத்தில் விடக் கை பழக வேண்டும்.

"ஆழாக்கை ஒளித்து வைக்காதே, நான் அரிசி அளக்க வேண்டாமா?" என்று அத்தை தினமும் கேட்பார். பிறகு அவரே ஆழாக்கைக் கவிழ்த்துத் தாளம் போட்டு அவளைச் சப்பாணி கொட்ட வைப்பார்.

சில எச்சரிக்கைகள். ஏறக்குறைய 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக நுழையும் எதுவும், உப்புக் கிண்ண மூடி உட்பட, தொண்டையில் சிக்கக்கூடியது. நீண்ட காம்புள்ள கரண்டியோடு தவழ விடக்கூடாது. இரண்டு டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று இறுகினால் குழந்தையின் கோபம் தெருவரை கேட்கும். அளவில் நன்றாக வித்தியாசப்படுபவையாகக் கொடுங்கள். சத்தத்துக்கு ஜமுக்காளத்தைத் தவிர என்னிடம் மருந்தில்லை. நாங்கள் தரைத்தளத்தில் இருக்கிறோம், மாடியில் இருப்பவர்கள் என் பேச்சை அப்படியே கேட்க வேண்டாம்.

இது ஒரே குழந்தையை வைத்துச் சொல்வது. உட்காரும் முன்னுள்ள மாதங்களுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் படுக்க வைத்து, எதிரே நாம் படுத்து முகம் காட்டினால் போதும். நாள் முழுவதும் பிரித்துக் கூட்டினால் அரை மணி நேரமாவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒன்பது மாதம் முடிந்தும் பிடிமானமின்றி உட்காராவிட்டால் எந்தச் சாமானையும் நம்பாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

போன வாரம் காலி டம்ளரை என் வாயருகே நீட்டி, நான் குடிக்கும்வரை கையை எடுக்காமல் இருந்தாள். பாவனை விளையாட்டு தொடங்கிவிட்டது, வாயில் வைப்பதும் குறைந்திருக்கிறது. வெள்ளை பூத்த இட்லிப் பானையைத் தவிர மற்ற சொப்புகளைப் பரணிலிருந்து இறக்கியாகிவிட்டது.