ஃபிளாட்டா, லைன் வீடா, கடையா? முதல் வாடகைச் சொத்து வாங்கும் முன்

போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர், கையில் இருபது லட்சம் இருக்கிறது, கடனும் கிடைக்கும், வாடகை வருகிற மாதிரி எதை வாங்கிப் போடலாம் என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால், எவ்வளவு நேரத்தில் அங்கே போய் நிற்பீர்கள்?" சிரித்தார். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அப்பா திருப்பூரில் ஐந்து லைன் வீடு, அதாவது வரிசையாக ஒட்டினாற்போல் சிறு வீடுகள், கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். நான் சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். கடை எங்களிடம் இல்லை, மாமாவிடம் இருக்கிறது. அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஃபிளாட்டில்தான் இறங்குகிறார்கள். வங்கி தயங்காமல் கடன் கொடுக்கும், அதுதான் காரணம். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய டபுள் பெட்ரூம் என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக அதிகபட்சம் 48 லட்சம் கிடைக்கும், மீதி 12 லட்சம் நம் கைக்காசு. கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்த்து 9 சதவீதம். அது 5 லட்சத்து 40 ஆயிரம், அதையும் நாம்தான் போட வேண்டும். நண்பரின் இருபது லட்சத்தில் பதினேழரை இங்கேயே போய்விட்டது. புரோக்கர் கமிஷனும் பெயின்ட் செலவும் தனி.

வாடகை 18,000 வருகிறது என்றால் வருடத்துக்கு 2,16,000. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், அந்த மாத மெயின்டனன்ஸ் நம் தலையில். சொத்து வரி, குழாய், கீசர் எல்லாம் போகக் கையில் நிற்பது 1,80,000 என்று வைத்தால், போட்ட 65.4 லட்சத்துக்கு அது 2.75 சதவீதம். வங்கியில் டெபாசிட் போட்டாலே இதைவிட அதிகம் வரும். இந்தப் பக்கம் 48 லட்சக் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத் தவணை, மாதம் சுமார் 41,600. வாடகை பாதிக்குக்கூடக் காணாது. "வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும் சார்" என்று சொல்கிற விற்பனைப் பையனிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

வரிச் சலுகையை நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகையில் சொத்து வரி போக மீதியில் 30 சதவீதத்தை ரசீது எதுவும் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம், கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் வட்டி வாடகையை மீறிப் போய் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில்தான் அதில் 2 லட்சம் வரை சம்பளத்தோடு நேர் செய்யலாம். புதிய முறையில் அது நடக்காது.

அப்புறம் ஏன் நான் ஃபிளாட் வாங்கினேன்? நான் அதிகம் வெளியூர் போகிறவன். அசோசியேஷன் இருக்கிறது, வாட்ச்மேன் இருக்கிறார், பிளம்பர் நம்பர் அவரிடமே இருக்கிறது. குடியிருக்கிறவர் ஐ.டி. கம்பெனியில் வேலை, முதல் தேதி பணம் வந்துவிடும். வருடத்துக்கு இரண்டு முறை போய் எட்டிப் பார்த்தால் போதும். அந்த நிம்மதிக்குத்தான் குறைந்த வருமானத்தை ஒத்துக்கொள்கிறோம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பத்திரம், வில்லங்கம், பிரிக்கப்படாத மனையில் நம் பங்கு எவ்வளவு, எல்லாம் வக்கீலை வைத்துப் பார்த்தேன். வீட்டைப் பார்த்தது மட்டும் மார்ச் மாதத்தில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வாடகைக்கு இருந்தவர் கார் மூழ்கியதோடு காலி செய்துவிட்டார், அடுத்த ஆள் வர நான்கு மாதம் ஆனது. வாங்கும் முன் அதே தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டிருந்தால் போதும்.

லைன் வீடு வேறு உலகம். சென்னையில் போர்ஷன் என்பார்கள், மதுரைப் பக்கம் காம்பவுண்டு வீடு. ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, வரிசையாக ஐந்தாறு வீடு. நாலு சென்ட் இடம், கட்டுமானம், பத்திரம் எல்லாம் சேர்த்து 52 லட்சம் ஆனதாக வைப்போம். ஒரு வீட்டுக்கு 4,500 என்றால் ஐந்துக்கும் 22,500. வருடத்துக்கு 2,70,000, ஐந்து சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒரு வீடு காலியானால் நாலு வீட்டு வாடகை வந்துகொண்டிருக்கும். ஃபிளாட் காலியானால் அந்த மாதம் வரவு பூஜ்யம். இடமும் முழுக்க நம் பெயரில்.

காகிதத்தில் இதுதான் ஜெயிக்கிறது. ஆனால் இந்த வருமானத்தில் பாதி அப்பாவின் கூலி. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரி சொல்வது அவர். தண்ணீர் விடும் நேரத்துக்கு இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் வாய்த்தகராறு வந்தால் நடுவில் நிற்பது அவர். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை சம்பளம் போட்டால் ஞாயிறு காலை வாடகை கேட்டுப் போக வேண்டும், திங்கள் போனால் பாதி கரைந்திருக்கும். கரண்டுக்கு சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இஷ்டம்போல் வாங்குகிறவர்கள் அங்கே நிறைய. அப்பா தனித்தனி இணைப்பு வாங்கினார். வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்பதால் அந்த லாபம் குடியிருப்பவருக்கே போகிறது, அவர்களும் சீக்கிரம் வீடு மாறுவதில்லை.

இன்னொன்று, ஊரே ஒரே தொழிலை நம்பியிருந்தால் ஐந்து வீடும் ஒரே நேரத்தில் காலியாகும். 2011-இல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோதும் திருப்பூரில் டூ-லெட் பலகை தொங்காத தெரு குறைவு. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத இறக்குமதி வரி போட்டபோது அப்பா மறுபடியும் நாளிதழை வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார்.

கடை பற்றிச் சுருக்கமாக. வாடகை வீட்டைவிட நன்றாக வரும், அட்வான்ஸும் பெரிது, உள்ளே ரேக், லைட் எல்லாம் எடுக்கிறவரே போட்டுக்கொள்வார். ஆனால் காலியானால் மாதக்கணக்கில் ஷட்டர் இறங்கியே கிடக்கும். மாமாவின் கடைக்கு எதிரே நடுத் தடுப்புச் சுவர் கட்டினார்கள், வண்டிகள் நிற்பது நின்றது, பேக்கரிக்காரர் கிளம்பிவிட்டார். ஒன்பது மாதம். கடன் தவணை ஓடுகிற ஒருவர் முதல் சொத்தாகக் கடை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

நிலம், பத்திரம், மோட்டார் எதுவும் வேண்டாம், வாடகை மட்டும் போதும் என்கிறவர்களுக்குப் பங்குச் சந்தையில் ரீட் யூனிட்டுகள் இருக்கின்றன. இந்தியாவில் முதலாவதாக 2019-இல் எம்பசி ரீட் பட்டியலுக்கு வந்தது. ரீட் என்பது பலரிடம் பணம் திரட்டிப் பெரிய அலுவலகக் கட்டடங்கள் போன்றவற்றை வைத்து வாடகைக்கு விடுகிற அமைப்பு. வருகிற வாடகையில் செலவு போகப் பகிர்ந்தளிக்கக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதத்தை யூனிட் வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். யூனிட் விலை தினமும் ஏறி இறங்கும். என் அம்மா இதைச் சொத்து என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

எதை வாங்கினாலும் ஒத்திக்கு விடாதீர்கள் என்பேன். எட்டு லட்சத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகை இல்லாமல் விடுவது முதலில் இனிக்கும். அந்தப் பணத்தை யாரும் பீரோவில் வைப்பதில்லை, கடனுக்கோ கல்யாணத்துக்கோ போய்விடும். கெடு முடிந்து அவர் கேட்கும்போது அடுத்த ஒத்திக்காரரைத் தேடி அலைய வேண்டும். மாத வாடகைக்கே விடுங்கள், முத்திரைத்தாளில் பதினோரு மாதம் எழுதிப் பெட்டியில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும்.

நண்பர் எல்லாம் கேட்டுவிட்டு லைன் வீடுதான் என்று முடிவு செய்துவிட்டார். அவர் இருப்பது சென்னையில். "பெருந்துறையில் மச்சான் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான்" என்றார். மச்சானிடம் கேட்டாயிற்றா என்றேன். இன்னும் கேட்கவில்லையாம்.