பீடோங் மாடி வகுப்பில் பத்து வாரச் சீனம்

தஞ்சாவூரிலிருந்து இயன்முறை மருத்துவம் படிக்க மலேசியாவின் கெடா மாநிலத்துக்கு வந்த எனக்கு மலாய் தேவைப்படும் என்பது புறப்படும்போதே தெரிந்திருந்தது. சீனமும் தேவைப்படும் என்பதை மருத்துவமனைப் பயிற்சியின் முதல் வாரம் கற்றுக்கொடுத்தது. முழங்கால் வலியோடு வந்து அமர்ந்த சீன மூதாட்டி ஒருவர், வலிக்கிறதா என்று கேட்டாலும் தலையாட்டினார், வலி குறைந்திருக்கிறதா என்று கேட்டாலும் அதே போலத் தலையாட்டினார். அந்த வாரக் கடைசியிலேயே, பீடோங் கடைவீதியில் மோட்டார் சைக்கிள் உதிரிப் பாகக் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் தொடக்கநிலை மாண்டரின் (பள்ளிகளில் கற்பிக்கும் பொதுச் சீனம்) பேச்சு வகுப்பில் பெயர் கொடுத்தேன். சனிக்கிழமை மாலைகளில் இரண்டு மணி நேரம், பத்து வாரம், கட்டணம் 320 ரிங்கிட், புத்தகத்துக்குத் தனியாக 35 ரிங்கிட். சேரலாமா என்று யோசிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊரில் இப்படி ஒரு வகுப்புக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன். ஒன்பது பேர் இருந்தோம்: செம்பனை ஆலையில் வேலை செய்யும் இருவர், தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) மகள், டயர் கடைப் பையன் ஒருவன், பிள்ளைகளைச் சீனப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீட்டுப்பாடத்தில் உதவ முடியாமல் தவிக்கும் மலாய்த் தாய்மார் மூவர், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த நாங்கள் இருவர். ஆசிரியை சீன ஆரம்பப் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் 'லாவ்ஷி' (ஆசிரியர்) என்றே அழைக்க வேண்டும். விளக்கங்கள் மலாயில் பாதியும் ஆங்கிலத்தில் பாதியுமாக வரும் என்பதால், மலாய் அறவே தெரியாதவர்கள் முதல் இரண்டு வாரம் சற்றுத் திணறுவார்கள்.

இந்த வகுப்பின் மதிப்பு முழுவதும் லாவ்ஷி வாய்க்கும் காதுக்கும் தரும் பயிற்சியில் இருக்கிறது. முதல் நாளே அவர் எங்கள் நோட்டுகளைப் பார்த்து, தமிழ் எழுத்தில் உச்சரிப்பைக் குறித்துக்கொள்ளக் கூடாது என்று தடை விதித்தார். கெடுபிடியாகத் தோன்றிய அந்தத் தடையின் காரணம் மூன்றாம் வாரத்தில் விளங்கியது. சீன அரசு 1958இல் ஏற்றுக்கொண்ட பின்யின் என்னும் உரோமன் எழுத்துமுறையில் இரண்டு 'ப' உண்டு. பீடோங் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதல் எழுத்து (b) ஒன்று, பினாங்குக்கு வரும் முதல் எழுத்து (p) மற்றொன்று. நாம் 'பல்' என்று சொல்லும்போது பிறக்கும் ஒலி ஏறக்குறைய பீடோங் எழுத்தின் சீன ஒலிதான்; பினாங்கு எழுத்துக்கோ உதட்டிலிருந்து மூச்சு வெடித்து வெளிவர வேண்டும். லாவ்ஷி ஆளுக்கொரு மெல்லிய தாளைக் கொடுத்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொல்வார். பினாங்குக்குத் தாள் படபடக்க வேண்டும், பீடோங்குக்கு அசையக் கூடாது. என் தாள் மூன்று வாரம் எதற்கும் அசையவில்லை.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வயிறு நிறைவதற்கும் ஓடுவதற்கும் சீனத்தில் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாவ்'தான், தொனியும் (குரலின் ஏற்ற இறக்கமும்) ஒன்றே, மூச்சு மட்டுமே வேறுபாடு. மூட்டுத் தேய்ந்த நோயாளியிடம் "ஓட வேண்டாம்" என்று சொல்லும் ஒத்திகையில் நான் "பூ யாவ் பாவ்" என்றேன். நோயாளியாக நடித்த லாவ்ஷி வயிற்றைத் தடவிக்காட்டி, "நிறையச் சாப்பிடக் கூடாதா?" என்று மலாயில் கேட்டார். வகுப்பே சிரித்தது.

நான்கு தொனிகளையும் அவர் கற்பித்த விதமும் பாராட்டத் தக்கது. ஒருவர் சுவரைப் பார்த்து நின்று ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அது எந்தத் தொனி என்று விரலால் காட்ட வேண்டும். தமிழில் குரல் ஏறி இறங்குவது வாக்கியத்தின் உணர்ச்சியைக் காட்டுவதற்கு. சீனத்தில் அது சொல்லின் உறுப்பு. மூன்றாம் தொனியில் 'மாய்' என்றால் வாங்குவது, நான்காம் தொனியில் சொன்னால் விற்பது. கேள்வி கேட்கும்போது நம்மையறியாமல் கடைசியில் குரலை உயர்த்திவிடுகிறோம். அதனால் கடைசிச் சொல்லின் தொனி கெட்டுப்போகிறது. இந்தப் பழக்கம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. மூன்றாம் தொனிச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாக மாறும் என்ற விதியில் ஆலைக்காரர்கள் குழம்பியபோது, "அவர்களுக்குப் புணர்ச்சி குரலில் நடக்கிறது" என்று என் நண்பன் சொன்னான். அதன் பிறகு தமிழர்கள் ஐவருக்கும் அது மறக்கவேயில்லை.

தமிழருக்கென்றே ஒரு கண்ணியும் ஒரு சலுகையும் இம்மொழியில் உண்டு. 'ழ'வை ஆங்கிலத்தில் எழுத நாம் கையாளும் அதே இரண்டு எழுத்துகள் பின்யினில் 'ஜ'வுக்கு நெருங்கிய ஒலியைக் குறிக்கின்றன. ஆகவே சீனாவின் பெயரான 'ஜோங்குவோ'வை நாங்கள் 'ழோங்குவோ' என்று படித்தோம். உண்மையான ழகரத்துக்கு அண்மையான ஒலி பின்யினில் 'ர'வுக்குரிய எழுத்தில் ஒளிந்திருக்கிறது: மனிதனைக் குறிக்கும் சொல் ஏறத்தாழ 'ழென்'. மலாய்த் தாய்மார் நாக்கோடு போராடிய அந்த ஒலி எங்களுக்கு ஒரே முறையில் வந்தது. ஆனால் மலேசியச் சீனர்கள் நாக்கை அவ்வளவு வளைப்பதில்லை என்பதால், காப்பிக் கடையில் என் ழகரத்தைக் கேட்டவர் நான் பெய்ஜிங்கில் படித்தவனா என்று விசாரித்தார்.

எண்களும் கேள்வி வாக்கியங்களும் எளிமையானவை. இருபத்தொன்று என்பதை நம்மைப் போலவே இரண்டு, பத்து, ஒன்று என்று அடுக்குகிறார்கள். நம்முடைய தொண்ணூறைப் போல வழிதவறும் எண் அங்கே இல்லை. "நலமா?" என்பதில் நாம் கடைசியில் சேர்க்கும் 'ஆ'வைப் போல அவர்கள் 'மா' சேர்க்கிறார்கள்.

இனிக் குறைகள். புத்தகம் சீனாவில் அச்சானது, எச்.எஸ்.கே. என்னும் சீன மொழித் தேர்வின் பழைய முதல் நிலைக்குரிய 150 சொற்களை ஒட்டி எழுதப்பட்டது. அதில் வாடகைக் காருக்கு 'சூசூச்சே' என்றிருக்கிறது, இங்கே 'தேஷி'. மிதிவண்டிக்கு 'ஸீஷிங்ச்சே' என்றிருக்கிறது, இங்கே 'ஜியாவ்ச்சே'. மலாய்ப் 'பசார்' (சந்தை) சீன வாயில் 'பாஷா' ஆகி இந்த ஊரில் புழங்குவதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. பெய்ஜிங் நூலகத்துக்கு வழி கேட்பதற்கு இரண்டு முழுப் பாடங்கள் செலவாயின; உடல் உறுப்புகளின் பெயர்களும், எங்கே வலிக்கிறது என்று கேட்கும் 'நாலி தோங்'கும் நாங்கள் கெஞ்சிய பிறகு ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரத்துக்கு வந்தன. கேட்டல் பயிற்சிக்குரிய ஒலிப்பதிவு கடைசி வரை எங்கள் கைக்கு வரவில்லை. இரண்டு சனிக்கிழமைகளில் அறிவிப்பின்றி வகுப்பு ரத்தானது. படியேறிப் பூட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். ஈடு செய்யும் வகுப்பும் நடக்கவில்லை. மணிக்கு 16 ரிங்கிட் என்று நினைத்துக் கட்டிய பணம் இதனால் மணிக்கு 20 ரிங்கிட்டாக முடிந்தது. வகுப்பு முடியும் ஒன்பது மணிக்கு மேல் வாகனம் கிடைப்பதும் கடினம். கிராணியின் மகளை அழைத்துப்போக வரும் அவள் அப்பாவின் கார் இல்லாவிட்டால் நான் பாதி வாரம் நடந்தே போயிருப்பேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கலுக்கு வகுப்பைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டுக்கார ஆன்ட்டி தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இருபது வயதில் சீன மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். என் பயிற்சியைச் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவர், "தம்பி, நீங்க படிக்கிறது டிவி சீனம் லா. இங்க கெழவிங்க எல்லாம் ஹொக்கியன் பேசுவாங்க" என்றார். உண்மைதான். பள்ளியில் படித்த இளையவர்களிடம் மாண்டரின் செல்லுபடியாகிறது. என் நோயாளிகளான முதியவர்களில் பலருக்கு வீட்டு மொழி ஹொக்கியன் அல்லது தியோச்சியூ என்னும் வேறு சீன மொழி. "ஷியெஷியெ" என்று நன்றி சொன்னால் "கம்சியா" என்று பதில் வருகிறது. ஆயினும் மாண்டரினில் தொனியைப் பிரித்தறியப் பழகிய காதுதான் ஆன்ட்டி சொல்லித்தரும் ஹொக்கியனையும் இப்போது பிடித்துக்கொள்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்பதையே வணக்கமாகச் சொல்லும் வழக்கம் அவர்களிடமும் உண்டு, "ஜியா பா போய்?" என்று நான் கேட்டதும் மூதாட்டிகளின் முகம் மலர்வதை எந்தப் புத்தகமும் எனக்குத் தந்திருக்காது.

பழைய கெடாவின் எச்சங்கள் கிடைத்த பூஜாங் பள்ளத்தாக்கு இங்கிருந்து தொலைவில் இல்லை. 671இல் குவாங்சோவில் கப்பலேறிய சீனத் துறவி யீஜிங், ஸ்ரீவிஜயத்தில் ஆறு மாதம் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டு, கெடா வழியாக இந்தியா சென்று நாளந்தாவில் பயின்றவர். படிக்கப் போகும் நாட்டின் மொழிக்கு அவர் வழியிலேயே ஆறு மாதம் ஒதுக்கினார்; நான் வந்து சேர்ந்த பிறகு பத்து வாரம், அதிலும் இரண்டு வாரம் பூட்டிய கதவு.

சீனாவுக்கு மேற்படிப்புக்குச் செல்ல இருப்பவர்கள் இந்த வகுப்பில் தயங்காமல் சேரலாம். புத்தகம் அவர்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. மருத்துவமனைப் பயிற்சிக்காகவோ கடைவீதிப் பேச்சுக்காகவோ சேருபவர்கள், தேவையான சொற்களின் பட்டியலை முதல் நாளே லாவ்ஷியிடம் கொடுத்துவிட வேண்டும். கேட்டால் மறுக்காதவர், கேட்காவிட்டால் புத்தகத்தைத் தாண்டாதவர். ஒலிப்பதிவுக்கு மாற்றாகப் பிளெக்கோ அகராதிச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்வது நல்லது. ரத்தாகும் வகுப்புகளுக்கு ஈடு உண்டா என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நிலைக்கு நான் அப்படித்தான் செய்தேன். அந்த நிலை தொடங்க ஆறு பேராவது வேண்டுமாம். இப்போதைக்கு நான்கு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறோம்.