டெல்டா தோப்புக்கு எந்த நாய்: கோம்பையா, ராஜபாளையமா, ஜெர்மன் ஷெப்பர்டா?

மன்னார்குடிக்குத் தெற்கே வயலும் தென்னந்தோப்புமாகக் கிடக்கும் எங்கள் இடத்துக்கு ஒரு காவல் நாய் வேண்டும் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சித்தப்பா ராஜபாளையம் என்றார். தம்பிக்கு ஜெர்மன் ஷெப்பர்டு மேல் ஆசை. நான் கோம்பை வாங்கினேன். இன்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். காவல் என்று பார்த்தால் மூன்றுமே தேறும். நான் முடிவெடுத்தது தோலையும் முடியையும் பார்த்து.

வெளியில் வளரும் நாய் என்றதும் எல்லோரும் வெயிலைப் பற்றிக் கேட்கிறார்கள். டெல்டாவில் வெயிலுக்கு வழி இருக்கிறது. தென்னை நிழல் உண்டு, பம்புசெட் தொட்டி உண்டு, ஈர மண்ணில் நாயே குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத்தான் வழி கிடையாது. நம் களிமண்ணில் தண்ணீர் சட்டென்று இறங்காது. சம்பா வயலில் நீர் நிற்கும், வரப்பு முழுக்கச் சேறு. நாள் முழுவதும் அதில் நடக்கும் நாய்க்குக் கால் விரலிடுக்கு காய்வதே இல்லை. முதலில் தோல் சிவக்கும். பிறகு நாய் நக்கத் தொடங்கும். நக்க நக்க முடி உதிர்ந்து புண்ணாகிவிடும். மழைக்காலத்தில் எந்த நாய் சீக்கிரம் காய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

ஜெர்மன் ஷெப்பர்டு இங்கேதான் அடிபடுகிறது. அதற்கு நீண்ட மேல்முடியின் கீழே அடர்த்தியான உள்முடி உண்டு. மேலே தடவினால் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். விரலை உள்ளே விட்டால் ஈரம் கையில் ஒட்டும். அந்த ஈரத்தில் தோல் வெந்து, ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குப் புண் கிளம்பிவிடும். உண்ணி ஏறினாலும் கண்ணில் படாது. சொன்னதைப் புரிந்துகொள்வதில் அதற்கு ஈடில்லை, மறுக்கவில்லை. ஆனால் தினமும் சீவிவிட்டு, மின்விசிறிக் காற்றில் காய வைக்க ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும். லாப்ரடாரும் அப்படியே. வாய்க்காலைக் கண்டால் இறங்காமல் இருக்காது. தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் வைக்கும்.

ராஜபாளையத்தின் கம்பீரத்தை எழுதி விளக்க வேண்டியதில்லை. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாய் இனங்களில் அதுவும் ஒன்று. முடி குட்டை என்பதால் விரைவாகக் காயும். ஆனால் வெள்ளை முடிக்குக் கீழே இளஞ்சிவப்புத் தோல். மூக்கிலும் அடிவயிற்றிலும் வெயில் சுடும். சொறிக்கும் எளிதில் ஆளாகும். இந்த வெள்ளை இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாமல் இருப்பதும் உண்டு. வாங்குவதென்றால் குட்டியைக் கூடப்பிறந்தவற்றிடமிருந்து தனியே பிரித்து, அதன் பார்வைக்குப் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். கூட்டத்தில் தட்டினால் மற்ற குட்டிகள் திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

சிப்பிப்பாறையை நான் வளர்த்ததில்லை. உறவினர் தோப்பில் பார்த்ததை வைத்துச் சொன்னால், ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வேட்டை நாய் அது. சங்கிலியில் கட்டிப் போட்டால் வாடிவிடுகிறது. கொழுப்பில்லாத மெல்லிய உடம்பு, மார்கழிப் பனியில் நடுங்குகிறது.

கோம்பைக்கு வருகிறேன். தேனி மாவட்டத்துக் கோம்பையின் பெயரைத் தாங்கிய இனம். செம்பழுப்பு உடம்பு, கறுத்த முகவாய், உடம்போடு ஒட்டிய குட்டை முடி. மழையில் நனைந்து வந்தால் பழைய வேட்டியால் நன்றாகத் துடைத்துவிட்டாலே போதும், காய்ந்துவிடும். விரலிடுக்கை மட்டும் தனியாக விரித்துத் துடைக்க வேண்டும். எதிர்முடியாகக் கையை ஓட்டினால் உண்ணி விரலில் தட்டுப்படும். காது மடலின் உட்புறமும் கழுத்துப்பட்டைக்கு அடியும் அதற்குப் பிடித்த இடங்கள்.

உண்ணியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவர் விரிசலில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் சில வாரங்களில் மறுபடி ஏறிவிடும். அதனால் நாய் படுக்கும் கொட்டகைச் சுவரின் விரிசல்களைச் சிமெண்டால் அடைத்துவிட்டோம். சாக்கும் வைக்கோலும் ஈரத்தில் பூஞ்சை பிடிப்பதால், அடியில் காற்றோடும்படி கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறோம். உண்ணிக் காய்ச்சல் கோம்பைக்கு வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாய் சாப்பிட மறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் கசிந்தால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

கோம்பையின் சங்கடம் அதன் முரட்டுத்தனம். அறுவடை நேரத்தில் இயந்திர ஓட்டுநர், மூட்டை தூக்குபவர், நெல் வியாபாரி என்று புது ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். அப்போது கட்டித்தான் வைக்க வேண்டும். குட்டியிலேயே நாலு பேரிடம் பழக்காவிட்டால் பிறகு அடங்காது. இன்னொன்று, கோம்பை என்று விற்பதில் கலப்பு நிறைய. கறுத்த முகவாயை மட்டும் பார்த்து ஏமாறாமல் தாய் தந்தை இரண்டையும் நேரில் பாருங்கள். நம்பிக்கையான இடம் கிடைக்காவிட்டால், ஊரிலேயே பிறந்த நாட்டுக் குட்டி என் இரண்டாவது தேர்வு. இந்தச் சேற்றுக்கும் மழைக்கும் பழகிய பரம்பரை அது.

எதை வாங்கினாலும் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள். எலிச் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரை நாய் குடிக்காமல் தடுக்க முடியாது. அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். வயலில் எலிமருந்து வைக்கும் நாட்களில் நாயைக் கட்டுங்கள், செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து.

குட்டியைத் தை, மாசியில் எடுப்பது நல்லது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்தவை, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி என்று எல்லாம் முடிந்து, ஐப்பசிக்குள் உடம்பு தேறிவிடும். புரட்டாசியில் நல்ல குட்டி கிடைத்து எடுத்துவிட்டால், அந்த ஒரு மழைக்காலம் மட்டும் வீட்டுத் திண்ணையிலேயே வைத்து வளர்த்து, சேறு காய்ந்த பிறகு தோப்புக்குக் கொண்டுபோங்கள்.