ஐந்து ரோட்டில் ஒரு விசா கடை: மூன்று ஸ்டார்தான்

கடைப் பெயரைப் போடப் போவதில்லை. சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது, அந்த ஏரியாவில் இதே மாதிரி இன்னும் நாலைந்து இருக்கும், எது என்று தேட வேண்டாம். நானும் வீட்டுக்காரரும் அமெரிக்காவில் மகள் வீட்டில் ஐந்து மாதம் தங்கிவிட்டு வரலாம் என்று பி-2 என்கிற சுற்றுலா விசாவுக்காக இவர்களிடம் போனோம். ஆளுக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். தூதரகக் கட்டணம் 185 டாலர் தனி, விசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது திரும்பி வராது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி, நம் பக்கத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தானே. மகள் போனில் "அப்பா பேரை சர்நேமா போட்டுக்கோம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடையில் டைப் அடிக்கிற பெண் "அது மட்டும் வேண்டாம் டீச்சரம்மா" என்று, விசா ஃபாரத்தில் என் பெயரை சர்நேம் கட்டத்தில் போட்டு, அடுத்த கட்டத்தில் எஃப்என்யூ என்று அடித்தாள். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தமாம். 63 வருஷமாக இந்தப் பெயரோடு இருக்கிறேன், அது தெரியாதாம்! சரி, அவர்கள் ஊர் வழக்கம். இன்ஷியலோடு வாழ்கிற நமக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தப் பெண்ணிடம் போகலாம். போட்டோவிலும் கெட்டிக்காரி, இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, மூக்குக்கண்ணாடி கூடாது என்று எடுத்தவுடனே சொல்லிவிட்டாள்.

இனி வயிற்றெரிச்சல். டிஎஸ்-160 என்கிற அந்த விசா விண்ணப்ப ஃபாரத்தை அவர்களே நிரப்பி, அவர்களே சப்மிட்டும் அழுத்தி, கடைசியில் பார்கோடு போட்ட ஒரு பக்கத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதுதான் அங்கே வழக்கம். வருகிறவர்களும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டு போகிறார்கள். முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்திய புத்தி எனக்கு, "அழுத்தறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிக்கணும் கண்ணு" என்று உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளை. தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று இருந்தது, நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, பென்ஷன் வருகிறது, திரும்பி வருவேன் என்பதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சியே அதுதான். அதைவிட மோசம், இதற்கு முன் அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு "இல்லை" என்று இருந்தது. 2016-இல் எனக்கு 214(பி) பிரிவில், அதாவது ஊர் திரும்புவேன் என்று நம்பிக்கை வரவில்லை என்று, மறுத்தார்கள், அதை முதல் நாளே சொல்லியிருந்தேன். முதலாளியிடம் கேட்டால், "அதைப் போட்டா தேவையில்லாம கேள்வி கேப்பாங்க டீச்சர், விட்டுடுங்க" என்றார். அமெரிக்காக்காரர்கள் எடுத்த கைரேகை அவர்களிடமே இருக்கும்போது யாரிடம் மறைப்பது? தெரிந்தே பொய் சொன்னதாக முடிவு கட்டினால் வாழ்நாள் முழுக்கக்கூட விசாவுக்குத் தகுதி இல்லாமல் போகலாம், மறுப்பு அப்படியில்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம். ஃபாரத்தின் கடைசியில் "இதை நிரப்ப யாராவது உதவினார்களா" என்று ஒரு கேள்வி வேறு. அதற்கும் "இல்லை" என்றே அடித்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார், யாருமே உதவவில்லையாம்.

மூன்றையும் மாற்ற வைத்தேன், முகம் சுளித்தார், மாற்றினார். சென்னையில் நேர்காணலை தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "2016-க்கு அப்புறம் என்ன மாறியது?" ரிடையர் ஆகிவிட்டேன், பென்ஷன் வருகிறது, அம்மாப்பேட்டையில் சொந்த வீடு என்றேன். மூன்று நிமிஷம் இருக்கும், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார், விசா கிடைத்துவிட்டது.

நேர்காணல் தேதியைச் சீக்கிரம் பிடித்துத் தர தனியாகக் காசு கேட்டார்கள், அதை மட்டும் தொடவே தொடாதீர்கள். 2025 மார்ச்சில் தானியங்கி நிரல்கள் வழியாகப் போட்ட சுமார் 2,000 சந்திப்புகளை அமெரிக்கத் தூதரகமே ரத்து செய்து, அந்தக் கணக்குகளையும் முடக்கியது. எங்களுக்குப் பல மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது, காத்திருந்தோம்.

இன்ஷூரன்ஸையும் இவர்களே விற்கிறார்கள். வாங்கிப் படித்தால் ஏற்கனவே இருக்கிற நோய்களுக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் பிபி, அவருக்குச் சர்க்கரையும். வேண்டாம் என்றுவிட்டோம், மகள் அங்கேயே பார்த்து எடுத்தாள். டிக்கெட்டில் குறை சொல்ல மாட்டேன். நம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது, சென்னைதான் வசதி என்றார்கள், நான் ஓசூர் வழியாக காரிலேயே போய்விடலாம் என்று பெங்களூரு கேட்டேன், மாற்றிக் கொடுத்தார்கள். சக்கர நாற்காலியையும் புக்கிங்கிலேயே சொல்லி வைத்தார்கள், ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்துக்கே போன் போட்டுக் கேட்டார்கள்.

ஆனால் "பத்து வருஷ விசா வந்துடுச்சு, எவ்வளவு நாள் வேணாலும் இருக்கலாம்" என்று முதலாளி எங்களை வழியனுப்பினார் பாருங்கள், அது தப்பு. பத்து வருஷம் என்பது போய் இறங்கி உள்ளே வரட்டுமா என்று கேட்பதற்கான அனுமதி. எத்தனை நாள் தங்கலாம் என்பதை அங்கே விமான நிலையத்து அதிகாரிதான் முடிவு செய்வார், வழக்கமாக ஆறு மாதம் வரை கொடுப்பார்கள், கடைசித் தேதி ஐ-94 என்கிற வருகைப் பதிவில் இருக்கும். இறங்கியதும் அதை இணையத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன்காரர்கள் இன்னொன்றும் கவனிக்கவும், கடையில் யாருக்கும் இது தெரியவில்லை. உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுகிற பென்ஷன் வருடாந்திர நேர்காணல் எனக்கு நான் அங்கே இருக்கும்போது வருகிறது, கருவூலத்தில் போய் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். டாக்டரிடம் மருந்துச் சீட்டை மூலப்பெயரில் எழுதி வாங்கினேன், நம் பாரசிட்டமாலையே அங்கே அசிட்டமினோஃபென் என்கிறார்கள்.

பயணம் சரியாக மாம்பழ சீசனில். மல்கோவாவைப் பெட்டியில் வைக்க முடியாது, பழம் கொண்டு போனால் அங்கே பிடுங்கிவிடுவார்கள். ஜவ்வரிசி வடாமும் ஏற்காட்டுக் காப்பித் தூளும் போகின்றன. மாம்பழத்துக்கு மகள் இன்னும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.